கிட்டாரில் வேகம் வர வேண்டுமா? முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வழி

கிட்டார் வாங்கி, நாலைந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கைக்கு வந்து, ஒரு பாட்டுக்கு ஒப்பேற்றி ஸ்ட்ரம் பண்ணத் தெரிந்த பிறகு எல்லோருக்கும் வருகிற ஆசைதான்: வேகமாக ஒரு லீட் (ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கும் மெட்டு) வாசிக்க வேண்டும். எனக்கும் வந்தது, அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம் வீணாகப் போனது. முதல் எட்டு மாதம் எதை எடுத்தாலும் வேகமாகவே வாசித்துப் பார்த்தேன். கை இறுகியது, நோட்டுகள் (ஸ்வரங்கள்) ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, கடைசியில் வலது முன்கையில் வலி வந்து மூன்று வாரம் கிட்டாரைத் தொட முடியவில்லை. பிறகு, மெதுவாக வாசித்தால் வேகம் தானாக வரும் என்று கேட்டதை நம்பி அடுத்த ஐந்து மாதம் மெட்ரோனோமில் (சீராகக் கிளிக் அடித்துத் தாளம் காட்டும் கருவி) 60 பிபிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு 60 கிளிக்கை, தாண்டவே இல்லை. வாசிப்பு சுத்தமானது, ஆனால் வேகம் இருந்த இடத்திலேயே நின்றது.

இரண்டும் ஏன் பலிக்கவில்லை என்று புரிந்த பிறகு, தினம் 30 நிமிடம் வீதம் ஆறு மாதத்தில் 60இல் இருந்து 112 பிபிஎம்முக்கு வந்தேன். கிளிக்குக்கு நான்கு நோட்டு என்று கணக்கு வைத்தால் விநாடிக்கு 4 நோட்டில் இருந்து சுமார் ஏழரை நோட்டு. உலகத்தரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் வாசிக்க ஆசைப்பட்ட பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும். அந்த ஆறு மாதத்தில் செய்ததை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பதின்மூன்று மாதத்தை மிச்சம் பிடியுங்கள்.

1. முதலில் கிட்டாரைச் சரி பண்ணுங்கள்

கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிக் குற்றம் கிட்டாரில் இருந்தது. ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நடுவில் உள்ள உயரத்தை ஆக்ஷன் என்பார்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்து 12ஆவது ஃப்ரெட்டில், தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கின் கீழ் அளந்து பாருங்கள். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் 2 மி.மீ. பக்கத்திலும், அக்கூஸ்டிக் என்றால் இரண்டரை மி.மீ. பக்கத்திலும் இருந்தால் கவலை இல்லை. என்னுடையது மூன்றரை இருந்தது. அவ்வளவு உயரத்தில் ஒவ்வொரு நோட்டுக்கும் விரல் கூடுதலாக அழுத்த வேண்டும், கூடுதலாக அழுத்தும் விரல் மெதுவாகத்தான் எழும்.

கடையில் செட்டப் என்று கேட்டால் செய்து தருவார்கள். சென்னையில் நான் கொடுத்தது 1,200 ரூபாய், இரண்டு நாள் ஆனது. கொடுக்கும்போது மூன்று விஷயத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன கேஜ் (தடிமன்) ஸ்ட்ரிங் போடப்போகிறார்கள், 12ஆவது ஃப்ரெட்டில் உயரம் எவ்வளவு வைத்துத் தருவார்கள், ஃப்ரெட் தேய்க்க வேண்டி வந்தால் தனிக்கட்டணமா. முதல் தடவை நான் வாய்ப்பேச்சோடு விட்டேன், அந்தக் கடையில் 9–42 (மிக மெல்லிய ஸ்ட்ரிங், மிகத் தடித்த ஸ்ட்ரிங் இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இருந்த இடத்தில் அதைவிடத் தடித்த 10–46 மாட்டித் தந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று ஒரு வாரம் குழம்பினேன். ஸ்ட்ரிங் பாக்கெட்டின் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். கேஜ் அதில்தான் அச்சாகியிருக்கும், அடுத்த முறை அதையே காட்டி வாங்கலாம். கேஜ் மாறினால் நெக்கின் மீது இழுவை மாறும், கொடுத்த செட்டப் காசு வீண்.

எலக்ட்ரிக்கில் தொடங்குபவர்களுக்கு 9–42 நல்லது. அக்கூஸ்டிக்கில் 12–53 கடினமாக இருந்தால் 11–52 போடுங்கள். கடலோர ஊரில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்குகளைத் துடைத்து வையுங்கள், வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் சீக்கிரம் துரு ஏறி விரல் வழுக்காமல் பிடிக்கும். நான் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன், செட் 700 ரூபாய் ஆகிறது.

2. பிக்

பிக் என்பது ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்னத் தகடு. மெல்லிய, சாஃப்ட்டான பிக் ஸ்ட்ரம் பண்ண நன்றாக இருக்கும். ஒற்றை நோட்டு வேகத்துக்கு அது ஆகாது, ஸ்ட்ரிங்கில் பட்டதும் வளைந்து, நிமிர்ந்து வருவதற்குள் அடுத்த நோட்டுக்கு நேரமாகிவிடும். 0.88 மி.மீ., 1 மி.மீ., 1.14 மி.மீ. என்று மூன்று தடிமனில் இரண்டிரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எனக்கு ஆறு பிக்குக்கு 360 ரூபாய் ஆனது. பிடிக்கும்போது நுனி மட்டும் கொஞ்சம் வெளியே தெரியட்டும், பாதி பிக் நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்ட்ரிங்கில் ஆழமாகப் போய் மாட்டும். ஸ்ட்ரிங்கில் தட்டையாகப் படாமல், முன் விளிம்பு சற்றுச் சாய்ந்து படும்படி திருப்பிப் பிடித்தால் இன்னும் எளிதாக வழுக்கிப் போகும்.

மற்ற செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. மெட்ரோனோம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்சியைக் குறித்து வைக்க நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று.

3. இறுக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வேகம் வராததற்கு நான் கண்ட பெரிய காரணம் தேவையில்லாத இறுக்கம், அது விரலில் மட்டும் இருப்பதில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடி கவனியுங்கள்: தோள் மேலே ஏறியிருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா? எனக்கு மூன்றும் இருந்தது.

இடது கைக்கு ஒரு சின்னச் சோதனை. ஏதாவது ஒரு ஃப்ரெட்டில், ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், விரலை அழுத்தாமல் வெறுமனே வையுங்கள். பிக் செய்துகொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் டப் டப் என்று செத்த சத்தம், பிறகு இரைச்சல், பிறகு தெளிவான நோட்டு. அந்தத் தெளிவு வந்த இடத்தோடு போதும், அதற்கு மேல் போகும் பலம் எல்லாம் வீண். நாம் சாதாரணமாக எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறோம் என்று அப்போதுதான் தெரியும். தினமும் பயிற்சிக்கு முன் இதை ஒரு நிமிடம் செய்யுங்கள்.

கை களைத்துப்போவது வேறு, வலி வேறு. முன்கை லேசாகக் களைத்தால் இரண்டு நிமிடம் கையை உதறிவிட்டுத் தொடரலாம். குத்துகிற மாதிரி வலியோ விரலில் மரத்துப்போன உணர்வோ வந்தால் அன்றைக்கு அத்தோடு வையுங்கள். இரண்டு மூன்று நாளிலும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். தாங்கிக்கொண்டு வாசித்துத்தான் மூன்று வாரம் படுத்தேன், அந்த மூன்று வாரத்தை எந்தப் பயிற்சியாலும் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

4. தினம் 30 நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதை விட தினம் அரை மணி நேரம் மேல். வாரத்தில் ஆறு நாள், ஒரு நாள் ஓய்வு. நான் காலை ஆறரைக்கு, ஆம்ப்பில் ஹெட்போன் மாட்டி உட்காருவேன். எலக்ட்ரிக்கை ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பழகாதீர்கள், சத்தம் போதாமல் கை தானாக ஓங்கி அடிக்கத் தொடங்கும். டிஸ்டார்ஷனும் (ஆம்ப்பில் வரும் கரகரத்த சத்தம்) இந்த அரை மணிக்கு வேண்டாம், சுத்தமான சத்தத்தில் தான் பிசகு காதில் விழும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் டிஸ்டார்ஷன் போட்டு, வாசிக்காத ஸ்ட்ரிங்குகள் சத்தம் போடுகின்றனவா என்று பாருங்கள். அவற்றை அமைதியாக வைக்க வலது உள்ளங்கையின் ஓரமும் இடது கையின் ஆள்காட்டி விரலும் பழக வேண்டும்.

நேரத்தை நான் பிரித்தது இப்படி: 5 நிமிடம் கையைச் சூடாக்குவது, 10 நிமிடம் ஒற்றை ஸ்ட்ரிங், 10 நிமிடம் ஸ்ட்ரிங் மாறும் பயிற்சி, 5 நிமிடம் பாட்டில் இருந்து ஒரு துண்டு. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடித்த பகுதியிலேயே நேரம் முழுக்கப் போய்விடும்.

5. ஒற்றை ஸ்ட்ரிங்கில், மூன்று காலத்தில்

எங்கள் வீட்டில் அக்கா பாட்டு கற்றுக்கொண்டபோது சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவாள். தாளம் போடும் கை அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இத்தனை வருடம் காதில் விழுந்துகொண்டே இருந்தும், கிட்டாருக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து 5, 6, 7, 8 என்று நான்கு விரலுக்கும் ஒரு ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டில் தொடங்க வேண்டாம். சாதாரண எலக்ட்ரிக்கில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ., ஐந்தாவதில் சுமார் 29தான், பழகாத சுண்டுவிரலுக்கு அந்த 7 மி.மீ. பெரிய வித்தியாசம். மூன்றாவது ஸ்ட்ரிங்கில் மட்டும், கீழ், மேல், கீழ், மேல் என்று பிக்கை மாற்றி மாற்றி வாசியுங்கள். மெட்ரோனோம் 50இல் இருக்கட்டும். கிளிக்குக்கு ஒரு நோட்டு ஒரு நிமிடம், இரண்டு நோட்டு ஒரு நிமிடம், நான்கு நோட்டு ஒரு நிமிடம். பிறகு திரும்பவும் ஒன்றுக்கு இறங்குங்கள்.

இதில் என்ன விசேஷம் என்றால், மெதுவாகப் போகும்போதும் கை வேகத்தில் எப்படி அசையுமோ அப்படியே அசைகிறதா என்று உடனுக்குடன் ஒப்பிட முடிகிறது. நான் ஐந்து மாதம் 60லேயே வாசித்தபோது, அவசரம் இல்லையே என்று விரலை இரண்டு அங்குலம் தூக்கித் தூக்கி வைத்தேன், பிக்கை முழங்கையில் இருந்து வீசினேன். அந்த அசைவில் எவ்வளவு வருடம் பழகினாலும் 100 பிபிஎம் வராது. மெதுவாக வாசிப்பது நல்லதுதான், ஆனால் சின்ன அசைவோடு மெதுவாக வாசிக்க வேண்டும். எழுப்பிய விரல் ஸ்ட்ரிங்கை விட்டு ஒரு விரல் தடிமனுக்கு மேல் போகக்கூடாது. பிக் ஸ்ட்ரிங்கைத் தாண்டியதும் நின்றுவிட வேண்டும்.

5-6-7-8 மட்டுமே வாசித்தால் கை அதை மனப்பாடம் பண்ணிவிடும். நான்கு விரலை 24 விதமாக வரிசை மாற்றலாம். ஆள்காட்டி, மோதிரம், நடு, சுண்டு என்ற வரிசைதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது, மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒன்றை ஒன்று இழுக்கும். வாரத்துக்கு இரண்டு வரிசை எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் எல்லாம் முடியும்.

6. குட்டி வேகங்கள்

நான்காவது வாரத்தில் இருந்து இதைச் சேருங்கள், முன்னால் வேண்டாம். நீங்கள் சுத்தமாக வாசிக்கும் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு மெட்ரோனோமில் வையுங்கள். 60 என்றால் 90. நான்கு நோட்டு மட்டும் வாசித்து அடுத்த கிளிக்கில் முதல் நோட்டோடு நின்றுவிடுங்கள். இரண்டு கிளிக் சும்மா இருந்து, கையைத் தளர்த்தி, மறுபடி நான்கு. நான்கு வந்தால் எட்டு, எட்டு வந்தால் பதினாறு. நான்கு நோட்டுக்குள் கை இறுக நேரமே இருக்காது, அதனால் வேகத்தில் கை எப்படி இருக்க வேண்டும் என்ற உணர்வு இறுக்கம் கலக்காமல் கிடைக்கிறது. மறுநாள் மெதுவாக வாசிக்கும்போது அந்த உணர்வைத்தான் தேட வேண்டும்.

மொத்தப் பயிற்சியில் இது ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் என் முதல் எட்டு மாதக் கதைதான்.

7. ஸ்ட்ரிங் மாறும் இடம்

ஒற்றை ஸ்ட்ரிங்கில் 100 வரும், ஆறு ஸ்ட்ரிங்கில் ஸ்கேல் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) வாசித்தால் 70இலேயே உடையும். எல்லோருக்கும் நடப்பது, காரணம் பெரும்பாலும் பிக்கின் பாதையில் இருக்கிறது. ஸ்ட்ரிங்குகளின் தளத்துக்கு இணையாக பிக் போய் வந்தால், ஒரு நோட்டு முடிந்ததும் அது இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவில் மாட்டி நிற்கும், அடுத்த ஸ்ட்ரிங்குக்குப் போக ஒரு தாவல் தாவ வேண்டும். பாதையைச் சற்றுச் சாய்த்து, கீழே அடிக்கும்போது பிக் உடல் பக்கம் இறங்கி, மேலே வரும்போது ஸ்ட்ரிங்குகளை விட்டு வெளியே காற்றுக்கு வந்துவிடும்படி பழகினால், மேல் அடிக்குப் பிறகு எந்த ஸ்ட்ரிங்குக்கும் தடையில்லாமல் போகலாம்.

இதைப் பழக ஏ மைனர் பெண்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல் அருமையான இடம். ஐந்தாவது ஃப்ரெட்டில், ஆறாவது ஸ்ட்ரிங்கில் 5-8, பிறகு ஐந்து, நான்கு, மூன்றாவது ஸ்ட்ரிங்குகளில் 5-7, இரண்டிலும் ஒன்றிலும் 5-8. ஸ்ட்ரிங்குக்கு இரண்டு நோட்டுத்தான், அதனால் கீழ் அடியில் தொடங்கினால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் மேல் அடியில்தான் முடியும். மாறுகிற இடம் எல்லாம் பிக் வெளியே இருக்கும் நேரம். இந்த ஒரு விஷயம் தெரிந்த வாரத்தில் என் பெண்டடானிக் 72இல் இருந்து 84க்குப் போனது.

ஸ்ட்ரிங்குக்கு மூன்று நோட்டு வரும் ஸ்கேல்களில் ஒரு முறை கீழ் அடியிலும் மறுமுறை மேல் அடியிலும் முடியும், அதனால் அவை இன்னும் கடினம். ஜி மேஜரை 3-5-7, 3-5-7, 4-5-7, 4-5-7, 5-7-8, 5-7-8 என்று ஆறாவது ஸ்ட்ரிங்கில் இருந்து வாசிக்கலாம். இதை நான்காவது மாதத்துக்கு முன் தொடாதீர்கள். தொடங்கும்போதும் முழு ஸ்கேலை ஓட்டாமல் இரண்டு ஸ்ட்ரிங் மட்டும் எடுத்து, மாறுகிற அந்த இரண்டு நோட்டை மட்டும் நூறு தடவை பாருங்கள். முழு ஸ்கேலை நூறு தடவை ஓட்டினால் எளிதான நோட்டுகளுக்குத்தான் பயிற்சி போகிறது.

8. நோட்டுப் புத்தகமும் வீடியோவும்

இந்த வேலைக்கு ஆவணம் என்றால் இவை இரண்டும்தான். நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம்: தேதி, என்ன பயிற்சி, தொடங்கிய பிபிஎம், சுத்தமாக வந்த பிபிஎம், எங்கே தடுமாறியது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். “சரியாக வரவில்லை” என்று எழுதாதீர்கள், “இரண்டாவதில் இருந்து ஒன்றாவது ஸ்ட்ரிங் போகும்போது சுண்டுவிரல் தாமதம்” என்று எழுதுங்கள், மறுநாள் உட்கார்ந்ததும் எதில் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

வேகம் கூட்ட நான் வைத்த விதி: தொடர்ந்து மூன்று முறை பிசகில்லாமல் வந்தால் 4 பிபிஎம் ஏற்றம், தொடர்ந்து இரண்டு முறை பிசகினால் 8 இறக்கம். இறக்கம் ஏற்றத்தைப் போல இரண்டு மடங்கு என்பதில் கை வைக்காதீர்கள். பிசகோடு திரும்பத் திரும்ப வாசித்தால் கை அந்தப் பிசகையே கற்றுக்கொள்ளும்.

மாதம் ஒரு முறை, அதே தேதியில், அதே பயிற்சியைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள், வலது கை ஒரு முறை, இடது கை ஒரு முறை. என் சுண்டுவிரல் ஒவ்வொரு நோட்டுக்கும் கிட்டாரை விட்டு எங்கோ பறந்துகொண்டிருந்ததை வீடியோவில்தான் பார்த்தேன், வாசிக்கும்போது சத்தியமாகத் தெரியவில்லை. பழைய வீடியோக்களை அழிக்காதீர்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்

என் நோட்டில் உள்ளபடி: முதல் மாதம் 60, இரண்டாவது முடிவில் 76, மூன்றாவதில் 88, நான்காவது மாதம் முழுக்க அதே 88, ஐந்தாவதில் 100, ஆறாவதில் 112. அந்த நான்காவது மாதத்தைக் கவனியுங்கள். முப்பது நாளில் ஒரு பிபிஎம் கூட ஏறவில்லை, விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த மாத வீடியோவைப் போன மாதத்தோடு வைத்துப் பார்த்தபோது கை பாதி அளவுதான் அசைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது மாதத்தில் ஏறியது அதனால்தான். இப்படி நின்றால் வேகத்தை மறந்துவிட்டு, அதே வேகத்தில் சத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் வாசித்துப் பாருங்கள், அல்லது நான்கு நோட்டில் முதல் நோட்டை மட்டும் அழுத்தி, பிறகு இரண்டாவதை மட்டும் அழுத்தி வாசியுங்கள்.

வகுப்பில் சேர வேண்டுமா என்று கேட்பீர்கள். முடிந்தால் முதல் இரண்டு மாதம் மட்டுமாவது போங்கள், மணிக்கட்டு வளைந்திருப்பதை ஒரு ஆசிரியர் பார்த்ததும் சொல்லிவிடுவார். சேரும் முன் கட்டணம் மாதத்துக்கா வகுப்புக்கா, நீங்கள் வராத வகுப்புக்கு ஈடு உண்டா, தனி வகுப்பா குழுவா என்று கேட்டு, ரசீது வாங்குங்கள்.

10. இடைவெளி விட்டு வந்தால்

பொங்கல், கல்யாணம், காய்ச்சல், ஆபீஸ் வேலை என்று ஒரு வாரம் போகத்தான் செய்யும். திரும்பி வந்த அன்று பழைய வேகத்தில் தொடங்காதீர்கள். நோட்டைப் பார்த்து கடைசி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள், 90 என்றால் 60. முதல் நாள் 15 நிமிடம், இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் முழு அரை மணி. எனக்குப் பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு பழைய வேகம் நாலே நாளில் திரும்பியது. விரல் நுனியில் காய்ப்பு இளகியிருக்கும் என்பதால் முதல் இரண்டு நாள் பெண்டு (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளி வளைப்பது) செய்ய வேண்டாம்.